சொசைட்டியைக் காணவில்லை

எழுதிப் பிழைக்கிறவள் நான் என்று சொன்னால், கதை எழுதுகிறவள் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த அளவுக்கு எனக்குத் துணிச்சல் கிடையாது. மலையாளத்தில் வரும் நோட்டீஸ்களையும் படிவங்களையும் எங்கள் பக்கத்துத் தமிழ்க்காரர்களுக்குத் தமிழில் ஆக்கிக் கொடுப்பதும், அவர்களுடைய குறைகளை மலையாளத்தில் எழுதிக் கொடுப்பதும்தான் என் வேலை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது 'அபேக்ஷ' என்று எழுதுகிறேன். விண்ணப்பத்துக்கு மலையாளத்தில் அதுதான் சொல். இத்தனை வருஷமாகியும், எழுதி முடித்ததும் முதல் எழுத்து 'அ'தானா என்று ஒருமுறை திரும்பிப் பார்க்காமல் என்னால் அடுத்த வரிக்குப் போக முடிவதில்லை. பார்க்கிறவர்கள் தொழில் பக்தி என்கிறார்கள். சூடு கண்ட பூனை என்பதுதான் பொருத்தம்.

அந்தச் சூடு பட்டபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். கேரள எல்லையில், வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். பத்து நிமிஷம் நடந்தால் தமிழ்நாடு. வீட்டில் பேச்சு, சண்டை, சாமி எல்லாமே தமிழில்தான். பஞ்சாயத்திலிருந்து வரும் காகிதம் மட்டும் மலையாளத்தில் வரும். நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம் என்றாலும் மலையாளம் ஒரு பாடமாக இருந்தது. அதில் நான் வாங்கும் மார்க்கைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மலையாளத்தில் ஓர் எழுத்தும் தெரியாததால், ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூவாக நானே அந்த வீட்டின் எழுத்தர் ஆகிவிட்டேன்.

எங்களிடம் ஒரு நாய் இருந்தது. அம்மா தினமும் பால் ஊற்றப் போகும் சொசைட்டியின் படிக்கட்டில் குட்டியாகக் கிடந்தது. பால் கேனைத் தூக்கிக்கொண்டு அவள் திரும்பி நடந்தபோது பின்னாலேயே வந்துவிட்டது. அதற்கு வேறு பெயர் யோசிக்க யாருக்கும் நேரமில்லாததால் சொசைட்டி என்றே நிலைத்துப்போனது. பழுப்பு நிறம், இடது காது மடிந்திருக்கும். காலையிலும் மாலையிலும் அம்மாவுக்கு நாலு அடி முன்னால் நடந்துபோகும். பால் ஊற்றுகிறவர்களின் வரிசையில் தானும் ஓர் உறுப்பினர் மாதிரி உட்கார்ந்திருக்கும். சொசைட்டி நஷ்டத்தில் ஓடுகிறதா, உங்கள் சொசைட்டி நேற்று எங்கள் கோழியைத் துரத்தியதே என்றெல்லாம் ஊரில் கிண்டல் செய்வார்கள். அம்மாவுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

அந்த வருஷம் கோடை முடிகிற சமயத்தில் அம்மா கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். போனவளில் பாதிதான் வந்தாள் என்று சொல்ல வேண்டும். கொஞ்ச நாள் படுத்திருந்தால் சரியாகிவிடும் என்று எனக்குச் சொல்லப்பட்டது. நானும் நம்பினேன், ஏனென்றால் எனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் அப்படித்தான் சரியாகியிருந்தது. பால் ஊற்ற அப்பா போக ஆரம்பித்தார். சொசைட்டி அவருக்கு முன்னால் நடக்கவில்லை. அம்மா படுத்திருந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே, செம்பருத்திச் செடிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

விளக்கு வைக்கிற நேரத்தில் அது ஊளையிடத் தொடங்கியது. முதல் நாள் ஒருமுறை. பிறகு தினமும். கழுத்தை நீட்டி, மூக்கை மேலே தூக்கி, மூச்சு முடிகிறவரை ஊளையிடும். நான் அதட்டினால் நிறுத்திவிட்டு வாலை ஆட்டும். நான் உள்ளே போனதும் மறுபடி ஆரம்பிக்கும்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள நல்லேப்பிள்ளியிலிருந்து அத்தை வந்திருந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். அவள் வந்த அன்று ஊளையைக் கேட்டதும் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"நாயி சும்மா ஊளையிடாது தம்பி. அவன் வர்றது அதுக கண்ணுக்குத்தான் மொதல்ல தெரியும்."

அவன் என்றால் திருடன் என்று நான் நினைத்துக்கொண்டேன். எமனைப் பெயர் சொல்லி அழைத்தால் வாசலுக்கே வந்துவிடுவான் என்பது அத்தையின் கட்சி. எனக்கு அது தெரியாது. திருடன் வருவதை முன்கூட்டியே சொல்லும் நாய் நல்ல நாய்தானே, இதற்கு ஏன் அத்தை முகத்தைச் சுருக்குகிறாள் என்று யோசித்தேன். நாய் என்றால் ஊளையிடத்தான் செய்யும் என்று அப்பா சொன்னார். சொன்னாரே தவிர, மறுநாளிலிருந்து விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு செம்பருத்திச் செடியருகில் போய் நின்றுகொண்டார். அம்மாவைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு, போகும்போது வாசலில் நின்று நாயைப் பற்றித்தான் பேசினார்கள். ஒருத்தர் விடாமல் எல்லோரும் பேசினார்கள்.

ஒரு சந்தை நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது செம்பருத்திச் செடிக்கு அடியில் சொசைட்டி இல்லை, அது படுத்துப் படுத்துப் பறித்த குழி மட்டும் இருந்தது. தோட்டம் முழுக்கக் கூப்பிட்டுப் பார்த்தேன். அப்பா மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். வலது முன்கையில் துணி சுற்றியிருந்தார்.

"எங்கியோ போயிருச்சு கண்ணு. நாயிதான, வரும்."

"கையில என்னாச்சுங்கப்பா?"

"வேலி முள்ளுக் கிழிச்சுப்போட்டுது." தீனியைக் கையால் கிளறிவிட்டுக்கொண்டே, "அம்மாகிட்டச் சொல்லிப்போடாத. வெசனப்படுவா," என்றார்.

அம்மா ஒரு கைப்பிடிதான் சாப்பிடுவாள். அதிலும் கடைசி உருண்டையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைப்பாள். சொசைட்டிக்கு. அதை எடுத்துக்கொண்டு நான் வெளியே போவேன், காக்கைக்கு வைத்துவிட்டு உள்ளே வருவேன்.

"தின்னுச்சா அம்மிணி?"

"தின்னுச்சும்மா."

நான் அதுவரை சின்னச் சின்னப் பொய்கள் நிறையச் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதும் மட்டும் தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு போய்விடுவேன். சாயங்காலம் ஊளைச் சத்தம் வரவில்லையே என்று அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில் அந்த நேரத்தில் நான் பாடங்களை உரக்கப் படித்தேன். அவள் கேட்பதற்குள் நாயைக் கொண்டுவந்து அந்த ஜன்னலுக்கு வெளியே நிறுத்திவிட வேண்டும். எனக்கு வேறு யோசனையே இல்லை.

அப்போதுதான் பஞ்சாயத்துக்கு ஓர் அபேக்ஷ எழுத வேண்டிய வேலை வந்தது. வார்டு மெம்பர் ஒரு மாதிரிக் காகிதம் கொடுத்திருந்தார். அதைப் பார்த்து, அம்மாவின் பெயரைப் போட்டு நான் எழுத வேண்டும். எழுதிக் கொடுத்தால் பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போவார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அப்பாவைக் கேட்டேன். நர்ஸ் என்றார். பால் என்று தொடங்குவதால், பால் ஊற்றுகிற குடும்பங்களுக்கென்று இருக்கும் நர்ஸ் என்று நானே முடிவு செய்துகொண்டேன். எங்களைப் போன்றவர்களையும் கவனிக்க ஆள் வைத்திருக்கிறார்களே என்று பஞ்சாயத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டானது. அந்த மதிப்பில்தான், அவர்களிடமே நாய்க்கும் ஒன்று எழுதிக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது.

நாய்க்கு மாதிரிக் காகிதம் இல்லை. ஆனால் பஸ் நிறுத்தத்துச் சுவரில் நாய்களைப் பற்றி ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'வளர்த்துநாய்களை உபேக்ஷிக்குன்னது சிக்ஷார்ஹம்.' கடைசிச் சொல்லுக்குத் தண்டனைக்குரியது என்று அர்த்தம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நடுச் சொல் மட்டும் ரொம்பத் தெரிந்த முகமாக இருந்தது. அபேக்ஷ எனக்குத் தெரியும், இது உபேக்ஷ. மாட்டுக்குக் கன்று, நாய்க்குக் குட்டி என்று இருப்பதில்லையா, அதுபோல மனிதர்களுக்கு எழுதினால் அபேக்ஷ, நாய்களுக்கு எழுதினால் உபேக்ஷ. சர்க்கார் எழுத்தில் இப்படி நுணுக்கங்கள் இருக்கும் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு வீட்டுக்கு வந்து எழுதினேன். தமிழில் சொன்னால் அது இப்படி இருந்தது:

'உபேக்ஷ. எங்கள் சொசைட்டியைக் காணவில்லை. பழுப்பு நிறம். இடது காது மடிந்திருக்கும். என் அம்மா சுகமில்லாமல் படுத்திருக்கிறார். அவருக்குத் தெரிவதற்குள் அதைக் கண்டுபிடித்துத் தரும்படி மிகுந்த பணிவோடு உபேக்ஷிக்கிறோம்.'

கீழே அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவின் காகிதத்தில் உடனே போட்டுவிட்டார். இரண்டாவதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்துச் சொன்னேன். கடைசி வரியை மறுபடி படிக்கச் சொன்னார். அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பிறகு, முழுப் பெயரையும் தமிழில், ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார்.

நானும் அப்பாவும் வண்டியில் போனபோது பஞ்சாயத்து ஆபீசில் ஒரு மேடம் இருந்தார். முதல் காகிதத்தைப் படித்தார், என்னை ஒருமுறை பார்த்தார், முத்திரை குத்தி வைத்துக்கொண்டார். இரண்டாவதைப் படிக்கத் தொடங்கியதும் நிமிர்ந்தார்.

"சொசைட்டி காணானில்லேன்னோ? ஏது, க்ஷீர சொசைட்டியோ?"

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். அது நாயின் பெயர் என்று நான் சொன்னதும் மேடமும் சிரித்தார். மறுபடி படித்தார். அடி வரைக்கும் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"மோளே, அபேக்ஷன்னல்லே எழுதண்டது?" என்றவர், எனக்குப் புரிய வேண்டுமென்று தமிழுக்கு மாறினார். "உபேக்ஷன்னா வேண்டாம்னு விட்டுட்டுப் போறது. நாயை நாங்க கைவிட்டுட்டோம்னு எழுதியிருக்கு, பாரு."

என் காது சூடாகிவிட்டது. மேடம் பேனாவின் மூடியைக் கழற்றி, அந்த 'உ'வின் மேல் வைத்தார். அப்பாவைப் பார்த்து, "திருத்தட்டே?" என்றார்.

"வேண்டாமுங்க மேடம்," என்றார் அப்பா. "புள்ள சரியாத்தானுங்க எழுதியிருக்குது."

 மேடம் அப்பாவின் முகத்தைப் பார்த்தார், அவர் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். பேனாவை மூடினார். அந்தக் காகிதத்தில் முத்திரை குத்தவில்லை. நாலாக மடித்து அப்பாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எனக்கு அழுகையும் வந்தது, கர்வமும் வந்தது. மலையாளத்தில் ஓர் எழுத்தும் தெரியாத மனுஷன், ஆபீசில் உட்கார்ந்திருக்கும் மேடத்திடமே, என் பெண் சரியாக எழுதியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டாரே. வேறு எந்த அப்பா சொல்வார். திரும்பி வரும் வழியில் வாய்க்கால் பாலத்தில் வண்டியை நிறுத்தி இறங்கிப் போய் முகம் கழுவினார். திரும்பத் திரும்பத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். ரோட்டில் அவ்வளவு தூசி இல்லையே என்று நினைத்துக்கொண்டே நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கர்வம் வாயில் நிற்காது. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாய்க்கு எழுதியது, மேடம் தப்பு என்றது, அப்பா சரி என்றது. பாதியிலேயே, நாய் காணாமல் போனதை அவளிடம் சொல்லக் கூடாது என்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

"என்னன்னு எழுதுன? மறுக்காச் சொல்லு."

"உபேக்ஷ."

சொசைட்டியில் பத்து வருஷம் பால் ஊற்றியவள் அவள். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் மலையாளம் காதில் நன்றாக விழும். கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நான் எழுந்தபோது, அப்பாவைக் கூப்பிடச் சொன்னாள். அவருக்குத் திட்டு விழப்போகிறது என்று பயந்துகொண்டே கூப்பிட்டேன்.

"கையக் காட்டுங்க," என்றாள்.

அப்பா கட்டிலருகில் உட்கார்ந்து கையை நீட்டினார். அம்மாவே அந்தத் துணியை அவிழ்த்தாள். விரல்களில் பலம் இல்லாததால் நேரம் பிடித்தது. முள் கிழித்தால் ஒரு கோடுதான் இருக்கும். அங்கே பக்கம் பக்கமாக நாலு கோடுகள் இருந்தன. நான் பார்த்தேன், பார்த்ததோடு சரி.

"ஊசி போட்டீங்களா?"

அப்பா இல்லை என்று தலையசைத்தார்.

"நாளைக்கே போயிப் போட்டுக்குங்க. புள்ளைக்கு நீங்களாச்சும் வேணும்."

முள் கிழித்ததற்கு இவ்வளவு பெரிய பேச்சா என்று இருந்தது எனக்கு. அம்மா அவருடைய கையைத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்கப்பன் சொன்னது நெசந்தான் அம்மிணி. நீ சரியாத்தான் எழுதியிருக்கற," என்றாள்.

இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். போதாதா. மறுநாள் பள்ளிக்கூடத்தில் மலையாள வாத்தியாரிடம் போய், நாய்க்கு உபேக்ஷதானே என்று கேட்டேன். அவர் இல்லை என்றார். எங்கள் அப்பாவும் அம்மாவும் சரி என்று சொன்னார்கள் என்று நான் வாதாடினேன். அவர் இரண்டு சொற்களையும் பலகையில் எழுதி, நடுவே ஒரு கோடு போட்டு, அர்த்தத்தையும் எழுதி, இருபது தடவை எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எழுதினேன். எழுதும்போது, எழுத்தறியாதவர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டு போய் இப்படி மானம் போனதே என்று வீட்டிலிருந்த இருவர் மேலும் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

நர்ஸ் வந்தார். வாரம் இரண்டுமுறை வருவார். பால் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அம்மாவின் முதுகைத் துடைத்துவிட்டு, வலிக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போவார். ஆடி முடிவதற்குள் அம்மா போய்விட்டாள். அதற்கு முந்தின நாட்களில் எங்கள் வாசலில் எந்த நாயும் ஊளையிடவில்லை. அவன் சத்தம் காட்டாமல்தான் வந்தான். அத்தை அதைப் பற்றி எதுவும் பேசவில்லை.

பேசியது ரொம்ப வருஷம் கழித்து, ஒரு கல்யாண வீட்டில், வெற்றிலை மென்றுகொண்டே. எனக்கு எல்லாம் தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தான் சொன்னேன், கொண்டோயி உட்டுப்போட்டு வாடான்னு. சாக்குல போட்டு வண்டில வெச்சுக் கொண்டுபோனான். கட்டுறதுக்குள்ள கையப் பிறாண்டிப்போட்டுது. வேற எங்கியும் உட மனசில்லாம மாட்டுச் சந்தைல கொண்டோயி உட்டிருக்கறான். அங்கன்னா எதாச்சும் திங்கக் கெடைக்கும்னு. உங்கப்பன் இதையெல்லாம் நம்பறவனில்ல. ஆனா உங்கம்மா பொழச்சாப் போதும்னு இருந்தான்."

கல்யாண வீட்டில் மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிடக் கூப்பிட்டார்கள், போய்ச் சாப்பிட்டேன். அத்தையின் மேல் கோபப்படலாமா என்று யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் மனுப் போட அப்பாவுக்கு எந்த ஆபீசும் இல்லை. தன்னிடம் இருந்ததில் ஒன்றைக் கைவிட்டுவிட்டு, பதிலுக்கு இன்னொன்றைக் கேட்டுப் பார்த்திருக்கிறார். அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே வாத்தியார் பலகையில் போட்ட கோடு அப்பாவின் விஷயத்தில் செல்லாது. அப்பா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தாலும் இதை அவரிடம் பேச எனக்கு வாய் வந்திருக்காது.

ஆனால் அன்று இலையின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அவருடைய சட்டைதான். அம்மா போன பிறகு மாடுகளை விற்றுவிட்டோம். தொழுவமே காலி. ஆனாலும் வாரம் தவறாமல் சந்தை நாளன்று அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போவார். மாடு வாங்கவா என்று கேட்டால், பார்த்துவிட்டு வருகிறேன் என்பார். பார்த்துவிட்டு, வெறுங்கையோடு வருவார். துணி துவைக்கும் வேலை அப்போது என்னுடையது. சந்தைக்குப் போட்டுப் போகும் சட்டைப் பையைக் கவிழ்த்தால் ஒவ்வொரு வாரமும் பொறைத் தூள் கொட்டும். டீக்கடையில் விற்கும் காய்ந்த ரொட்டிதான் பொறை, வாங்குகிறவர்களில் பாதிப் பேர் நாய்க்குப் போடத்தான் வாங்குவார்கள். சில வாரம் முழுப் பொறையே இரண்டு மூன்று அப்படியே இருக்கும். பன்னிரண்டு வயதில் அடுப்போடு போராடி நான் ஆக்கிவைத்த சோற்றை அன்றைக்கெல்லாம் அவர் தொடவே மாட்டார். சந்தையில் வயிறு நிறையத் தின்றுவிட்டு வந்து என் சமையலை ஒதுக்குகிறார் என்று, சட்டையைக் கல்லில் ஓங்கி ஓங்கி அடித்துத் துவைப்பேன்.